பெரியக்கா மன்னித்த பிள்ளைகள்

பெரியக்கா யாரையும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தேன் என்று சொன்ன உடனே கேட்பவர்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, அடிப்பார்களா, சோறு ஒழுங்காகப் போடுவார்களா என்று விசாரிக்கிறார்கள். சோறு போட்டார்கள். அடிக்கவில்லை. ராஜபாளையத்தில் நாங்கள் இருந்த பெண்பிள்ளைகள் இல்லத்துக்குப் பெரியக்காதான் வார்டன். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் பாயைக் கொண்டுவந்து அந்தப் பிள்ளை பக்கத்தில் விரித்துப் படுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல ஆரம்பித்தால் எனக்கே வாய் கூசும். எரிச்சலே அதனால்தான். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ திட்டித் தீர்த்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

உயரமான ஆள். சாயம் போன காட்டன் சேலை. இடது கை வளையலில் எப்போதும் ஏழெட்டு ஊக்குகள் கோத்திருக்கும். யாருக்காவது பாவாடை கிழிந்திருந்தால், பட்டன் அறுந்திருந்தால், நடக்கிற இடத்திலேயே நிறுத்தி ஒன்றைக் கழற்றிக் குத்திவிடுவார். குத்தும்போது துணிக்கு உள்பக்கம் தன் விரலைக் கொடுத்துக்கொள்வார், எங்கள் மேல் ஊசி பட்டுவிடக் கூடாது என்று. அந்த விரலில் ரத்தம் துளிர்த்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட மனுஷியை என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் யாராவது சாப்பாடு போட வருவார்கள். மில்காரர்கள், கடைக்காரர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியதாகச் சொல்லும் வயசாளிகள். பிறந்த நாளாக இருக்கும், திருமண நாளாக இருக்கும், திதியாகக்கூட இருக்கும். வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் நாங்கள் உயரவாரியாக ஹாலில் நிற்போம். பெரியக்கா ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வருவார். பெயர் சொல்ல மாட்டார். ஒரு பிள்ளைக்கு ஒரு வார்த்தை.

“இது டாக்டருக்குப் படிக்கப் போகுது.”

“இது அழுமூஞ்சி. ஆனா மனசு தங்கம்.”

“இதுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது. பாத்திரம் தேய்க்கக் குடுத்துப் பாருங்க, மொகம் பாக்கலாம் அதுல.”

என் தலையில் கை வரும்போது, “இது வாயில்லாப்பூச்சி. என்ன சொன்னாலும் கேட்டுக்கிடும்” என்பார். வந்தவர்கள் ‘ச்சு’ கொட்டுவார்கள்.

ஏன் பெயர் சொல்வதில்லை என்று சமையல்கார ஆச்சி ஒருமுறை கேட்டபோது பெரியக்கா விளக்கம் சொன்னார். “பேரு சொன்னா வாசப்படி தாண்டும்போதே மறந்துருவாவ. இப்படிச் சொன்னா மனசுல நிக்கும்லா. பொறவு அவியளே கேட்டு வருவாவ.”

உண்மையில் வந்தார்கள். ‘டாக்டர் பிள்ளை எங்கே’ என்று தேடி வந்து பேனா கொடுத்தார்கள். பிழைப்பு நடக்க அது உதவியது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை வந்தவர்கள் மனசில் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலையில் கை வைத்து ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தத் தலைக்குள்தான் முதலில் இறங்கும்.

நான் வந்த முதல் வாரம் யாரிடமும் பேசவில்லை. அம்மாவைப் புதைத்த கையோடு கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த வாரத்தில் ஒரு பிள்ளை என்ன பேசும்? அதற்கு முன்னால் எங்கள் தெருவில் என்னைப் போல வாயடிக்க ஆள் கிடையாது என்று சித்தி இப்போதும் சொல்கிறாள். பெரியக்கா அந்த ஒரு வாரத்தைப் பார்த்தார், அதையே நான் என்று முடிவு கட்டினார். பிறகு எனக்குப் பேச்சு வந்தபோது, வாயில்லாப்பூச்சி பேசுது பாரு என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால் கேட்காமல் இறங்கிவிடுகிற ஆள் நான்.

நல்ல வார்த்தை வாங்கியவர்கள் பிழைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் சுமாராகத்தான் மார்க் வாங்கினாள். அந்த மார்க்குக்கு எத்தனையோ படிப்பு இருந்தது. அவள் எதிலும் சேரவில்லை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். போன தீபாவளிக்கு அந்தக் கடைக்குள் நான் நுழைந்ததும் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டாக் ரூமுக்குள் போனவள் வெளியே வரவில்லை. சேலை விற்பதில் என்ன கேவலம்? ஆனால் அவள் கணக்கில் அவள் சேலை விற்கிறவள் இல்லை, டாக்டர் ஆகாதவள்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டிருந்தேன். முத்துலட்சுமி விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

முத்து என் வயசுக்காரி, என் பக்கத்துப் பாய். அவளுக்கு ஒரு தம்பி. அவன் ஆண்பிள்ளை என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு இல்லத்தில் விட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை பெரியக்கா அவளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட வந்தவர்கள் ஆளுக்கொரு பால்கோவாப் பொட்டலம் கொடுத்தார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொடுத்த இனிப்பைக் கொடுத்தவர்கள் எதிரிலேயே தின்றுவிட வேண்டும். பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்கத்தானே அவர்கள் வருகிறார்கள் என்பது பெரியக்காவின் கட்சி. போட்டோவும் எடுப்பார்கள். மறுநாள் முத்து தம்பியைப் பார்க்கப் போக வேண்டிய நாள். அவள் பொட்டலத்தைப் பிரிப்பது போலக் காட்டி, வாய்க்குக் கொண்டுபோய், கன்னத்தை ஆட்டி ஆட்டி மென்றாள். பொட்டலம் பாவாடை இடுப்பில் போயிருந்தது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். எச்சில் விழுங்கினாள், அதுவும் நிஜமாகவே இனிப்பைத் தின்ற மாதிரி.

அன்று சாயங்காலம் துணிப்பெட்டிகளை அடுக்கும்போது பொட்டலம் பெரியக்கா கையில் கிடைத்தது. கொடுத்ததுபோக மீந்த பொட்டலங்கள் ஸ்டோர் அறையில் இருந்தன. எல்லாரும் தங்கள் பங்கைத் தின்றாகிவிட்டது. அப்படியானால் பெட்டியில் இருப்பது எங்கிருந்து வந்திருக்கும்?

“எம் பங்குக்கா” என்றாள் முத்து.

“நீ தின்னதை நானே பாத்தேனேட்டி. போட்டோ எடுக்கையிலகூட மென்னுக்கிட்டு நின்ன.”

“திங்கல அக்கா. சும்மா மென்னேன்.”

பெரியக்கா சத்தம் போடவில்லை. அவளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். “பொய் வேண்டாம் தங்கம். எடுத்துட்ட. தம்பிக்காகத்தான எடுத்த? நான் மன்னிச்சிட்டேன். நீயே கொண்டுபோய் அவனுக்குக் குடு.”

அவ்வளவுதான். ஒரு திட்டு கிடையாது. பட்டினி போடவில்லை. மறுநாள் அதே பொட்டலத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். அடித்திருந்தால் முத்து அழுது கத்தி நான் எடுக்கவில்லை என்று நின்றிருப்பாள். மன்னித்தவரிடம் என்னத்தைக் கத்துவது?

அடுத்த ஞாயிறு முத்துவின் தலையில் கை வைத்தபோது வார்த்தை மாறியிருந்தது. “இதுக்குக் கொஞ்சம் கை நீளம். ஆனா பாசக்காரி. தம்பிக்காகப் பால்கோவா எடுத்து வச்சிருந்துச்சு பாருங்க…” கேட்ட அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கதை நன்றாக எடுபட்டதால் வாராவாரம் தொடர்ந்தது. நாங்கள் பெரிய பிள்ளைகளாகி அங்கிருந்து வெளியேறும் வரைக்கும் தொடர்ந்தது. ஒருமுறை நான் துணிந்து, “அது அவ பங்குதான்க்கா” என்று முணுமுணுத்தேன். பெரியக்கா என் கன்னத்தைத் தட்டி, “வாயில்லாப்பூச்சிகூடக் கூட்டாளிக்காகப் பேசுது பாரு” என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். சொன்ன விஷயம் போன இடம் தெரியவில்லை.

பெரியக்காவிடம் ஒரு கொள்கை இருந்தது. “பிள்ளையோட குறை என்னன்னு தெரிஞ்சு வச்சிக்கிட்டு நேசிக்கணும். தெரியாம நேசிச்சா அதுல என்ன இருக்கு?” என்பார். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. குறை இல்லாத பிள்ளை கிடைத்தால் என்ன செய்வார் என்று நான் யோசித்திருக்கிறேன். ஒரு குறையைக் கொடுத்துவிட்டுத்தான் நேசிப்பார்.

முத்து வளர்ந்து கல்யாணமாகி இங்கே ராஜபாளையத்திலேயேதான் இருக்கிறாள். கடைக்குப் போனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். சோப்பு வேண்டுமென்றால்கூடத் தாடையால்தான் காட்டுவாள். ஒரு பேன்சி ஸ்டோரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். அங்கே ஒரு அட்டை ஹேர்கிளிப் காணவில்லை என்று தேடியபோது, யாரும் இவளைக் கேட்காமலே அழ ஆரம்பித்துவிட்டாள். அன்று என்னிடம் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “எடுத்த மாரி ஞாவகம் இல்லட்டி எஸ்தரு. ஆனா எடுத்திருப்பனோ என்னமோ.” கிளிப் அட்டை மறுநாள் வேறு டிராயரில் கிடைத்தது. இவள் அதற்குள் வேலையை விட்டுவிட்டாள்.

இப்போது அவள் வீட்டுக்காரருக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். லாரியில் பஞ்சு மூட்டை ஏற்றும்போது விழுந்தவர், எழுந்து நடக்க நாளாகும். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கம்பெனி வேலை கிடைத்தால் மாசச் சம்பளம் உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, அவர் வைத்தியத்தையும் பார்த்துக்கொள்ளலாம். நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் கம்பெனி. புண்ணுக்குக் கட்டுவதற்காக நெய்து வெளுத்து வரும் காஸ் துணியை வெட்டி, மடித்து, பொட்டலம் கட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற இடம். பேக்கிங் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். அங்கே ஆள் தேவைப்பட்டது. முத்துவைக் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வெளியே உட்காரச் சொன்னார்.

“ஏம்மா, இது அந்த இல்லத்துப் பிள்ளை இல்ல? தம்பிக்குப் பால்கோவா எடுத்தது?”

அவர் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிறந்த நாளுக்கு எங்களுக்குச் சாப்பாடு போட வந்தவர்தான். பெயர் மறந்திருந்தது. வார்த்தை நின்றிருந்தது. பெரியக்கா சொன்னபடியே.

“பாவப்பட்ட பிள்ளைதான், எனக்கும் இரக்கமாத்தான் இருக்கு” என்றார் முதலாளி. “ஆனா பேக்கிங்ல கை சுத்தம் வேணும்லம்மா. ஒண்ணு செய்யி. அந்த வார்டனம்மா போன்ல ஒரு வார்த்தை சொல்லட்டும், அவ கை சுத்தம்னு. நாளைக்கே சேத்துக்கிடுதேன்.”

பெரியக்கா ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை மகன் வீட்டில் இருக்கிறார். மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பால்கோவாக் கடைகளின் வாசனையைத் தாண்டித் தெற்கே நடந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டும்போது பாதி மறந்துவிட்டது.

பெரியக்கா இளைத்துப்போயிருந்தார். சர்க்கரை. காலில் ஆறாத புண். வளையலில் மட்டும் ஊக்குகள் அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டம்மா ஒருவர் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பெரியக்கா முகம் மலர்ந்து, கை நீட்டி, “நான் சொல்லுவேன்லா ஒரு வாயில்லாப்பூச்சி, அது இதான்” என்று அந்தம்மாவிடம் சொன்னார். “செத்த நேரம் இந்தக் கட்டை அவுத்துக் கட்டிவிடு தாயி. உங்கை பட்டா வலிக்காது.”

கீழே உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். வந்த விஷயம் என்ன, நான் செய்துகொண்டிருப்பது என்ன? எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. புண்ணைத் துடைத்து, புதுத் துணி வைத்து, சுற்ற ஆரம்பித்த பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். முதலாளி கேட்டதைச் சொன்னேன். முத்துவின் வீட்டு நிலைமையைச் சொன்னேன். பிறகு அதையும் சொன்னேன்.

“அக்கா, அவ அன்னைக்கு எடுக்கல. அது அவ பங்கு. திங்கிற மாரி மென்னு காட்டுனா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

பெரியக்கா என் பக்கம் குனிந்தார். “நெசமாவா?” என்றார். “அம்புட்டுப் பிள்ளைகளும் திங்கும்போது, அவ மட்டும் திங்காம நின்னாளா?” கண்ணில் தண்ணீர் திரண்டது. முந்தானையை எடுத்து ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. இத்தனை வருஷமாகத் தூக்கித் திரிந்ததை இறக்கி வைத்துவிட்டேன், முடிந்தது என்று நினைத்தேன்.

“சரி, போட்டும்” என்றார் பெரியக்கா. “அதையும் மன்னிச்சிட்டேன்.”

“எதையக்கா?”

“என்னைய ஏமாத்துனதை. மென்ன மாரி நடிச்சிருக்கால்லா?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் அதற்குள் போனை எடுத்து முதலாளி நம்பரைப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

“நான் வார்டன் பேசுதேன் சார்… ஆமா, அந்தப் பிள்ளைதான். பயப்படாதீய. இப்பம் முழுசாத் திருந்திட்டா. நான் எப்பமோ மன்னிச்சாச்சு. என்னைய நம்பிச் சேருங்க, நான் ஜவாப்தாரி.”

அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். நல்ல காரியம் நடக்கிறது என்ற முகத்தோடு. நான் எழுந்து பெரியக்கா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான வார்த்தை.

“சார், எஸ்தர் பேசுதேன். அவ திருந்தல. திருந்துறதுக்கு அவ ஒண்ணும் எடுக்கவே இல்ல. அன்னைக்கும் எடுக்கல, என்னைக்கும் எடுக்கல. நீங்க கேட்ட கதை தப்பு. பேக்கிங்ல ஒரு பொட்டலம் கொறஞ்சா என்னையக் கேளுங்க.” மூச்சு வாங்கியது. நிறுத்தத் தெரியவில்லை. “சேத்துக்கிட்டா சும்மா சேத்துக்கிடுங்க சார், இரக்கப்பட்டுச் சேக்காதீங்க.”

“உனக்கு இம்புட்டுப் பேச வருமாம்மா?” என்றார் முதலாளி. “சரி. திங்கக்கிழமை வரச் சொல்லு. பேக்கிங்குக்கே வரட்டும்.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லை அவர் முகத்தில். அதே பழைய சாந்தம்.

“பெரியவங்க கையில இருந்து பிடுங்கிட்டியேட்டி” என்றார். “பரவால்ல. நான் மன்னிச்சிட்டேன்.”

“வேண்டாம்க்கா. இதை மட்டும் மன்னிக்காதீய. கோவமா இருந்தா கோவமாவே இருங்க.”

அவருக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுபடி உட்கார்ந்து, பாதியில் விட்ட கட்டைச் சுற்றி முடித்தேன். முனையைச் செருகியது நிற்கவில்லை. அவர் வளையலிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். உள்பக்கம் என் விரலைக் கொடுத்துத்தான் குத்தினேன். அதுவும் அவரிடம் கற்றதுதான்.

திங்கட்கிழமை முத்து வேலைக்கு வந்தாள். அவள் மடித்துக் கட்டிய பொட்டலங்கள் ஒன்றுபோல இருந்தன. மத்தியானத்துக்குள் பக்கத்துப் பெண்களோடு பேசிச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் ஷிப்டு விட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கு வந்தோம். வாட்ச்மேன் எங்களைப் பார்க்கக்கூட இல்லை, போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். முத்து அவர் எதிரில் போய் நின்று, சாப்பாட்டுப் பையைத் திறந்து, தூக்குவாளியை வெளியே எடுத்து மூடியைக் கழற்றிக் காட்டினாள். பிறகு கர்ச்சீப்பை உதறிக் காட்டினாள்.

“போம்மா, உன்னைய யாரு கேட்டா?” என்றார் அவர்.

ரோட்டுக்கு வந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததை ஒன்று விடாமல் அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன். நீ எடுக்கவில்லை, அது உன் பங்கு, நான் பார்த்தேன், முதலாளிக்கும் தெரியும், பெரியக்காவுக்கும் தெரியும், இனிமேல் இந்தப் பையைத் திறந்து காட்டுகிற வேலை வேண்டாம் என்று கிட்டத்தட்டச் சத்தமே போட்டேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முத்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். தூக்குவாளியைப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும் எஸ்தரு. எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணும், அது எம் பங்குதான்னு” என்றாள். “ஆனா பெரியக்கா பொய் சொல்ல மாட்டாவளே.”